நிறுத்தாத இன்ஜின்

பாலக்கரை ரயில் பாலத்தைத் தாண்டி ஜட்கா நின்றபோது கிளமென்டுக்குத் தொடை மரத்துப் போயிருந்தது. கன்டோன்மென்டிலிருந்து வந்த வழியெல்லாம் அந்த மரப்பெட்டியை அவன் மடியிலேயே வைத்திருந்தான். வண்டிப் பலகையில் வைத்தால் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் கெட்டுவிடும். அறுபத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி வெயில் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது. சந்துக்குள் நுழைந்ததுமே புழுங்கல் நெல்லின் கனத்த வாசனை வந்தது. அரிசி மில் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல சொன்ன இன்ஜினியர் நீங்கதானா சார்? நான் பரக்கத் அலி. ஷரபுன்னிசா என் தங்கச்சி. உள்ள வாங்க."

இயந்திரங்களைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளமென்ட் இன்ஜினியர். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று அதிர்வை அளந்து சொல்வது அவன் வேலை. இது மட்டும் வழக்கு சம்பந்தப்பட்டது. மில் ஓடுவதால் தன் வீடு ஆடுகிறது, சுவர் பிளக்கிறது என்று ஷரபுன்னிசா என்ற விதவை மில் முதலாளி சின்னையாவின் மேல் வழக்குப் போட்டிருந்தாள். அளந்து பார்த்துச் சொல்ல இரண்டு தரப்பு வக்கீல்களும் அவனுடைய கம்பெனியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் வேலை என்றுதான் கிளமென்ட் நினைத்தான்.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. கண் பழகியதும் அலமாரியில் பாத்திரங்கள் தெரிந்தன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் மடித்த பழந்துணி செருகியிருந்தது. ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராமலிருக்க. ஜன்னல் கம்பிகளில்கூடத் துணி சுற்றியிருந்தது. மில் பக்கத்துச் சுவரின் விரிசல்களில் விரல் நுழையும் போலிருந்தது.

அவன் பெட்டியைத் திறந்து அதிர்வை அளக்கும் கருவியான வைப்ரோகிராப்பை வெளியே எடுத்தான். உள்அறையின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அதுக்குள்ள என்ன சார் இருக்கு?"

போகும் இடங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. கிளமென்ட் கருவியைத் திரைப் பக்கம் திருப்பினான்.

"ஒரு கனமான குண்டும்மா. ரொம்ப மெல்லிசு ஸ்பிரிங்ல தொங்குது. செவுரு ஆடினா இந்த டப்பா ஆடும். குண்டு சோம்பேறி, கூட ஆடாது. நின்ன எடத்துலயே நிக்கும். டப்பாவுக்கும் குண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதோ, அதை இந்த முள்ளு காகிதத்துல கோடு போட்டுக் காட்டிடும்."

"அப்போ ஆடாத ஒண்ணு உள்ள இருந்தாத்தான் ஆட்டம் தெரியும்."

"அதேதாங்க."

திரை அசைந்தது. "இந்த வீட்டுல அப்படி ஒண்ணுமே இல்ல சார்," என்றாள் அவள்.

கருவியின் காலைச் சுவரில் அழுத்தி, சாவியைத் திருப்பினான். மெழுகு தடவிய காகிதச் சுருள் மெல்ல நகர்ந்தது. முள் இரண்டு விதமாக எழுதியது. பல்லுப் பல்லாக, மிகச் சின்னதாக, வேகமாக ஓர் அதிர்வு. அது மில்லின் மின்சார மோட்டார். அதனால் ஒரு சுண்ணாம்புத் துளிகூட உதிராது. ஆனால் அந்தப் பற்களை எல்லாம் சுமந்துகொண்டு, பெரிய அலையாக இன்னொன்று மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செகண்டுக்கு ஐந்து தடவை. நிதானமாக. கனமாக.

"பாத்தீங்களா? எழுதிக்குங்க சார். மில்லுதான்," என்றார் பரக்கத் அலி.

"மில்லுக்குள்ள போய்ப் பாத்துட்டுத்தான் எழுத முடியும்."

சின்னையா அவனை உள்ளே விட்டார். ஜவ்வாது மணக்கும் கனத்த மனிதர். அடக்க முடியாத சிரிப்பு ஒன்று எப்போதும் அவர் உதட்டோரத்தில் இருந்தது. மில்லில் வேலை பார்க்கும் மருதையைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். கிளமென்ட் கருவியை மோட்டாரில் வைத்தான். ஷாஃப்டில் வைத்தான். அரவை மெஷின்களில் ஒவ்வொன்றாக வைத்தான். எதுவும் அவ்வளவு மெதுவாக ஓடவில்லை. அந்தப் பெரிய அலை மில்லுக்குள் எங்குமே இல்லை.

"கொஞ்ச நேரம் மில்லை நிறுத்தச் சொல்லுங்க," என்றான் கிளமென்ட்.

சின்னையாவின் சிரிப்பு ஒரு கணம் காணாமல் போனது. மருதை தலையைக் குனிந்துகொண்டான். பிறகு முதலாளி கையை ஆட்ட, சுவிட்சை இறக்கினார்கள். பெல்ட்டுகள் தொய்ந்து நின்றன.

கிளமென்ட் அவசரமாக அந்த வீட்டுக்கு வந்து கருவியை மறுபடி சுவரில் வைத்தான். சின்னப் பற்கள் மறைந்திருந்தன.

பெரிய அலை அப்படியே இருந்தது.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எரிச்சலோடு நின்றான். ரயில் ஏதும் போகவில்லை. தெருவில் வண்டி இல்லை. சின்னையா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, என் மில்லு நின்னுபோச்சு. இப்பவும் அந்தம்மா வீடு ஆடுதா? அவங்களுக்குத் தலைக்குள்ள ஆடுதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

பரக்கத் அலிக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க பெட்டி கெட்டுப்போச்சு சார். வேற கொண்டாங்க."

அதையே கிளமென்டும் நினைத்தான். அன்று மாலையே காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினான். அவனோடு வேலை பார்க்கும் கஸ்தூரிரங்கனின் வீடு உத்திர வீதியில் இருந்தது. கெட்டியான கல் தரை. பக்கத்தில் ஒரு மாவு மில்கூடக் கிடையாது. கூடத்தின் மூலையில் கருவியை வைத்துச் சாவியைத் திருப்பினார்கள்.

காகிதம் நகர்ந்தது. முள் ஒரு நேர்கோடு போட்டது. மயிரிழை பிசகவில்லை.

"பெருமாள் சயனத்துல இருக்கற ஊர் ஓய் இது. இங்க எது ஆடும்?" என்றார் கஸ்தூரிரங்கன். பிறகு பாலக்கரைக் காகிதத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "கருவி மேல தப்பே இல்லை. இது மாதிரி அலை நான் பாத்திருக்கேன். ஒத்தைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின். ஆளுயரச் சக்கரம் ரெண்டு பக்கமும் வெச்சு, தடக் தடக்குன்னு ஓடும் பாருங்கோ, அது."

"அங்க இருக்கறது மோட்டார்."

"அப்போ நீர் வேற எங்கயோ போய் அளந்துட்டு வந்திருக்கீர்."

கிளமென்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் முறையாக ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். ஒரு கருவியை நம்ப முடியவில்லை என்றால் வேறு வகையில் வேலை செய்யும் இன்னொன்றைக் கொண்டுபோக வேண்டும். கம்பெனியில் ரீட் மீட்டர் ஒன்று இருந்தது. ஆர்மோனியத்துக்குள் இருப்பது போல எஃகு நாக்குகள் வரிசையாக, சின்னதும் பெரியதுமாக. குண்டு இல்லை, முள் இல்லை. எந்த வேகத்தில் அதிர்வு வருகிறதோ அந்த வேகத்துக்கு வெட்டப்பட்ட நாக்கு மட்டும் துடிக்கும். மற்றவை சும்மா இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை. காலைப் பூசைக்கு வராமல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதற்காக அவன் மனைவி சகாயம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மில் கேட்டில் பூட்டுத் தொங்குவதைத் தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டே கிளமென்ட் அந்த வீட்டுக்குள் நுழைந்தான்.

சந்து அமைதியாக இருந்தது. காக்கைகூடக் கத்தவில்லை.

முதலில் வைப்ரோகிராப்பை மில் பக்கத்துச் சுவரில் வைத்தான். அலை இருந்தது. நல்லது, இன்றைக்கு இதை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அதிர்வு எங்கிருந்து வருகிறதோ அங்கே கிட்டப் போகப் போக அலை பெரிதாகும், விலகினால் சிறுக்கும். அது மாறாத விஷயம். சுவரை விட்டு விலகிக் கூடத்தின் நடுவில் வைத்தான்.

அலை பெரிதாகியது.

சமையலறை வாசலில் வைத்தான். இன்னும் பெரிதாகியது. மில்லிலிருந்து விலக விலக வளர்ந்தது. பரக்கத் அலி அவன் பின்னாலேயே வந்தார்.

"இதை எப்படி சார் கோர்ட்டுல சொல்லுவீங்க? மில்லு பூட்டியிருக்குன்னு சொன்னா என் தங்கச்சி கேஸு போச்சே!"

"நான் என்ன செய்யறதுங்க? வர்றதைத்தான் நான் சொல்ல முடியும்!" கிளமென்டின் குரல் அவனை மீறி உயர்ந்துவிட்டது.

திரை விலகியது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். ஷரபுன்னிசாவை அவன் அப்போதுதான் நேரில் பார்த்தான். தூங்கிப் பல நாளான கண்கள்.

"அண்ணே, சத்தம் போடாதீங்க. சார், இந்த ரூமுக்குள்ள வாங்க. அந்தக் கட்டில்ல வெச்சுப் பாருங்க."

அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும் கிடந்தது. விரிப்பு இல்லை. கிளமென்ட் முதலில் ரீட் மீட்டரைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தான். எஃகு நாக்குகள் வரிசையாக அசையாமல் நின்றன. பிறகு ஒன்று, ஒன்றே ஒன்று, துடிக்க ஆரம்பித்தது. அதன் வெள்ளை நுனி மங்கி, விசிறி போல அகன்றது.

செகண்டுக்கு ஐந்து.

அவன் கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தான். மரம் குளிர்ந்திருந்தது. கைக்கு எதுவும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய அலை கைக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

"இது யார் கட்டில்?"

"என் வீட்டுக்காரவுங்களோடது. அப்துல் மாலிக். இந்த மில்லுலதான் பெல்ட்டு மாட்டற வேலை."

அவள் மெதுவாகச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"மூணு வருஷம் ஆவுது. அப்போ பெரிய ஆயில் இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் அடுப்படியில இருந்தேன். அந்தச் சத்தம் எனக்கு மூச்சு விடற மாதிரி பழக்கம். திடீர்னு ஒரு தடவை தடுமாறிச்சு. அப்புறம் பழையபடி ஓடிச்சு. பெல்ட்டுல கைலி சிக்கி இழுத்திருச்சுன்னு தூக்கிட்டு வந்து இந்தக் கட்டில்ல போட்டாங்க. இடுப்புக்குக் கீழ எலும்பு ஒண்ணும் முழுசா இல்ல. ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டாரேன்னு அண்ணன் ஓடினாங்க."

பரக்கத் அலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இன்ஜினை நிறுத்தல சார். அது ஓட ஓட இந்தக் கட்டில் ஆடுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவுங்க துடிக்கறாங்க. நான் மில்லு வாசல்ல போய் நின்னு கத்தினேன். கதவைச் சாத்திட்டாங்க. திரும்பி வந்து, உயிர் போறதுக்குள்ள கலிமா சொல்லுங்கன்னு அவுங்க காதுல நான் சொல்றேன். அவுங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, இன்ஜினை நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லுன்னு... அதுதான் கடைசி வார்த்தையாப் போச்சு. மௌத்தானதுக்கு அப்புறமும் அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு மோட்டார் வெச்சாங்க. ஆனா இங்க நிக்கவே இல்ல சார்."

அறைக்குள் ஒரு வாசனை பரவியது. புழுங்கல் நெல் இல்லை. எரிந்த கச்சா எண்ணெய். சூடேறிய தோல் பெல்ட்.

கிளமென்ட் வைப்ரோகிராப்பைக் கட்டிலில் வைத்தான். முள் காகிதத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வீசியது. வீசிய வேகத்தில் காகிதம் கிழிந்தது. அவன் கருவியைச் சட்டென்று தூக்கினான். எதையும் தொடாமல், இரண்டு கைகளுக்கும் நடுவே, காற்றில் பிடித்துக்கொண்டான்.

முள் நிற்கவில்லை.

அதே அலை. அதே நிதானம்.

அப்போது அவனுக்குப் புரிந்தது. கட்டில் ஆடவில்லை. சுவர் ஆடவில்லை. வீடே ஆடவில்லை.

உள்ளே இருக்கும் குண்டு ஆடிக்கொண்டிருந்தது.

ஆடவே கூடாத அந்த ஒன்று.

பிரயாணத்தின்போது குண்டை இறுக்கிப் பிடிக்க ஒரு திருகு உண்டு. விரல்கள் வழுக்க வழுக்க அவன் அதைத் திருகினான். பித்தளைத் திருகு வழியாக அது அவன் விரல் நுனிக்கு வந்தது. இழுப்பு. விடுப்பு. இழுப்பு. உள்ளிருந்து ஒரு கை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது போல.

காதோரத்தில் மூச்சு பட்டது.

"நிறுத்தச் சொல்லு."

ஆண் குரல். ஷரபுன்னிசா முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். பரக்கத் அலி எதிர்ச்சுவர் ஓரமாக நின்று வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கிளமென்டின் பக்கத்தில் யாருமில்லை.

வெளியே வெயிலுக்கு வந்து அவன் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வாசல்வரை வந்த ஷரபுன்னிசா கேட்டாள்.

"எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. உங்க மிஷினு அப்படிச் சொல்லலையே சார்?"

"இல்லம்மா. சொல்லல."

அப்போதுதான் அவள் முகத்தில் சிறிது வெளிச்சம் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தைக் காப்பாற்ற அவனால் முடியவில்லை. காகிதங்களையெல்லாம் மேனேஜரின் மேஜையில் விரித்து வைத்தான். அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"மில் ஓடாதப்போ அதிர்வு வருதுன்னா அது மில்லோடது இல்ல. அதை மட்டும் எழுதுங்க."

"சார், இது அந்தப் பழைய இன்ஜினோட வேகம். அந்த இன்ஜின்..."

"எங்க இருக்கு அந்த இன்ஜின்?"

கிளமென்ட் மேஜை மேலிருந்த காகிதங்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"இல்லாத இன்ஜினைப் பத்திக் கோர்ட்டுல சொன்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட மிஷின் கொண்டு வருவான்? எழுதிக் கையெழுத்துப் போடுங்க மிஸ்டர் கிளமென்ட்."

அவன் எழுதினான். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. அதிர்வு மில்லிலிருந்து வரவில்லை என்று தீர்ப்பாகி வழக்குத் தள்ளுபடியானது. கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் பரக்கத் அலி அவனைப் பார்த்தும் பார்க்காமல் நடந்து போனார். சின்னையா வக்கீலின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் சின்னையாவின் கார் கம்பெனி வாசலில் வந்து நின்றது. மருதைதான் இறங்கி வந்தான்.

"மொதலாளி உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க சார். அந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டு."

புத்தூரில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. மில்லும் இல்லை, ரயிலும் இல்லை. மாலை வெயில் ஹாலில் விழுந்திருந்தது. சின்னையா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"வீடு ஆடுது தம்பி. பாருங்க."

கிளமென்ட் தரையில் வைத்தான். நேர்கோடு. சுவரில் வைத்தான். நேர்கோடு. அவர் படுக்கும் கட்டிலில் வைத்தான். அதுவும் நேர்கோடு.

"எதுவும் ஆடலீங்க."

"ஆடுது!" சின்னையா கத்தினார். "டாக்டர் நரம்புத் தளர்ச்சிங்கறான். மெட்ராஸ் போனாலும் ஆடுது. பல்லு கடகடங்குது. தீர்ப்பு வந்த அன்னிலேருந்து நான் தூங்கல."

எதிரே இருந்த காபி டம்ளரை அவர் கையில் எடுத்தார். கை நடுங்கவில்லை. ஆனால் காபியின் மேல் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. டம்ளரைக் கீழே வைத்ததும் அடங்கியது.

கிளமென்ட் கருவியை எடுத்துக்கொண்டு கிட்டே போனான். "சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்குங்க."

கருவியின் காலை அவர் நெஞ்சில் வைத்துச் சாவியைத் திருப்பினான். மனிதனுடைய இதயம் செகண்டுக்கு ஒன்றிரண்டு தடவைதான் அடிக்கும். அதைவிடப் பல மடங்கு வேகமாக அடித்தால் அந்த உயிர் தாங்காது.

முள் எழுதியது. செகண்டுக்கு ஐந்து.

காகிதத்தைப் பார்த்ததும் கதவோரம் நின்ற மருதை பின்வாங்கி வெளியே போய்விட்டான்.

"அன்னிக்கு அரிசி ஏத்த லாரி வாசல்ல நின்னுச்சு," என்றார் சின்னையா. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. "அந்த இன்ஜினை நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ணப் பாதி நாள் போயிடும். நிறுத்தியிருந்தா மட்டும் அவன் பொழைச்சிருப்பானா? சொல்லுங்க!"

"பொழைச்சிருக்க மாட்டாரு. அந்த அம்மாகிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கேஸ் ஜெயிச்சவன் நான். நான் போய் என்ன சொல்றது?" அவர் கிளமென்டின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த இடத்தில் அந்த இழுப்பும் விடுப்பும் ஏறியது. "உங்க மிஷினால இதை அடக்க முடியுமா, முடியாதா?"

"இது அளக்கத்தான் செய்யும்," என்று கையை உருவிக்கொண்டான் கிளமென்ட்.

அங்கிருந்து நேராக அவன் பாலக்கரைக்குப் போனான். கதவைத் திறந்த ஷரபுன்னிசா வழிவிட்டாள். கட்டிலில் கருவியை வைத்தான். முள் நேராகப் போனது. ஸ்ரீரங்கத்தில் போட்டது போல ஒரே கோடு. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தீர்ப்பு வந்த அன்னிக்கே நின்னுபோச்சு சார். நிக்கணும்னு எத்தனை துவா கேட்டிருப்பேன். நின்னதும் வீடு ஒரேயடியாக் காலியாயிட்ட மாதிரி இருக்கு." காகிதத்திலிருந்து விரலை எடுத்தாள். "அவுங்க எங்க போயிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கிளமென்ட் சொன்னான். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"அங்க போயும் அவுங்களுக்கு நிம்மதி இல்லையே சார்," என்று அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். "அவருகிட்டச் சொல்லுங்க. இங்க வரக்கூட வேணாம். இருக்கற எடத்துலயே 'நிறுத்திட்டேன் மாலிக்'னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. அவருக்காக இல்ல. என் வீட்டுக்காரவுங்களுக்காக."

மறுநாளே கிளமென்ட் புத்தூருக்குப் போனான். முதலாளி யாரையும் பார்ப்பதில்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். மறுபடி போனான். மெட்ராஸுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மாடி ஜன்னலுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தது கீழேயிருந்தே தெரிந்தது. மருதை மூலமாகச் சொல்லியனுப்பினான். "சொன்னேன் சார். காதைப் பொத்திக்கிட்டாரு," என்றான் மருதை. அந்த ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் கிளமென்ட் ரோட்டில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

ஆவணியில் சின்னையா இறந்துபோனார்.

ஓயாமாரி சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் கிளமென்டும் கடைசியில் நடந்தான். தப்பட்டைச் சத்தம் காதைப் பிளந்தது. பொரியும் பூவும் வழியெல்லாம் இறைந்து கிடந்தன. காவிரிக்கரை திரும்பும் இடத்தில் பாடை நின்றது. தூக்கியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தோளை மாற்றினார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றார்கள்.

"இறக்குங்கடா, இறக்குங்க," என்றான் முன்னால் பிடித்திருந்த மருதை. பாடையைத் தரையில் வைத்துவிட்டு நாலு பேரும் தள்ளி நின்றார்கள்.

"என்னப்பா?" என்று சின்னையாவின் மகன் அதட்டினான்.

"தோள்ல ஆட்டம் ஒண்ணுமே தெரியலீங்க. ஆனா தூக்க முடியல," என்றான் மருதை. அவன் பார்வை கூட்டத்துக்குள் கிளமென்டைத் தேடிப் பிடித்தது.

தப்பட்டைக்காரர்களைக் கையமர்த்தினார்கள். சத்தம் அடங்கியது. காற்று இல்லை. ஆற்றங்கரை மூங்கில்கள் இலை அசையாமல் நின்றன. கிளமென்ட் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

கைகள் கட்டப்பட்டு, வாயில் அரிசியோடு சின்னையா அசையாமல் கிடந்தார். அவர் நெஞ்சின் மேல் போர்த்திய வெள்ளைத் துணியில் யாரோ வீசிய பொரி சிதறிக் கிடந்தது.

அந்தப் பொரி மெல்ல மெல்ல நகர்ந்தது. ஒவ்வொன்றாகத் துள்ளி, ஒன்றோடொன்று சேர்ந்து, முள் காகிதத்தில் போட்ட அந்த அலை போல வளைந்த கோடுகளாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.